நெல்லுக்குக் கொஞ்சம் இருட்டு

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெளிச்சம் மங்கி இருட்டு கட்டுகிற நேரம். வயலின் அந்தக் கோடியில், வரப்பின் மேல் நைனா நின்றுகொண்டிருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கைகளையும் அகல விரித்து, தலையைக் குனிந்து எதையோ தேடுகிறார்.

அவர் தேடுவது தன்னுடைய நிழலை.

இந்தப் பக்கம், பாதையில், நாங்கள் கூட்டமாக நிற்கிறோம். தலைக்கு மேல் தெருவிளக்கு பளீரென்று எரிகிறது. விளக்கின் வயல் பக்கத்தில் மட்டும், நெடுக்காக வெட்டிய இரும்பு டிரம் ஒன்று தொங்குகிறது. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"தெரிதா நைனா?" என்று கத்தினான் வெல்டர் ஏழுமலை.

"இருடா டேய். கண்ணு பழக வாணாமா?"

"எவ்ளோ நேரம் பழகும்?"

"உன் வயசுக்கு ஒடனே பழகும். எனக்கு கண்ணாடி போட்டாத்தான் நானே தெரியறன், அப்பால இல்ல நெழலு."

நிழல் நெல்லின் மேல் விழுந்தால் மறுநாள் விளக்கு இறங்கிவிடும். விழாவிட்டால் விளக்கு எங்களுக்கு நிற்கும். அவருக்கும் எங்களுக்கும் அதுதான் பேச்சு.

அடி மேல் அடி வைத்து, வரப்பு வழியாக அவர் எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினார். நடந்து வரட்டும். அதற்குள் இந்த விளக்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டையைப் பற்றி எழுதினேன் அல்லவா, அந்த பஸ் எங்களை இறக்கிவிடுகிற இடத்திலிருந்துதான் இதுவும் தொடங்குகிறது.

இறங்கினால் இருட்டு

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். நெடுஞ்சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் காலனி. நடக்கிற பாதைக்கு ஒரு பக்கம் குடோன் மதில் சுவர். மறுபக்கம் நைனாவின் நெல் வயல்.

நைனாவின் பெயர் கோவிந்தசாமி. எங்கள் பக்கம் தெலுங்கு கலந்த பேச்சு. அப்பாவை நைனா என்பார்கள். இவரை மட்டும் இவர் வயதுக்காரர்களும் நைனா என்றே கூப்பிடுவார்கள். என் அம்மா அவர் வயலில் நாற்று நட்டவர். அவர் மகள் எஸ்தர் நான், அதே வயலை ஒட்டி நடந்து, கும்மிடிப்பூண்டியில் வண்டிகளுக்கு வயர் கோக்கிற கம்பெனிக்குப் போகிறவள். அம்மா குனிந்து பார்த்த வயல், நான் நடந்துகொண்டே பார்க்கிற வயல்.

அந்தப் பாதையில் விளக்கு கிடையாது. இரண்டாம் ஷிப்ட் முடித்து வருகிற பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் கை கோத்துக்கொண்டு வருவோம். என் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற செல்வி ஒரு நாள் தனியாக இறங்கும்படி ஆகிவிட்டது. பைக்கில் இரண்டு பேர் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். பயந்து ஓடியவள் வாய்க்காலில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவள் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்:

"வேலையும் வாணாம், படிப்பும் வாணாம். ஊட்ல கெட."

தபால் வழியில் அவள் படித்துக்கொண்டிருந்த பட்டப்படிப்பும் அவள் சம்பளத்தில்தான் ஓடியது. இரண்டும் சேர்ந்து நின்றன.

நாங்கள் பெண்கள் எல்லாரும் யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தோம். தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மொத்தக் கம்பெனியும் இங்க வந்துட்ச்சா?" என்றார்.

"லைட்டு போட்டா கம்பெனிக்குப் போறோம். இல்லாங்காட்டி இங்கயே ஷிப்டு" என்றேன்.

மாசி மாதம் விளக்கு வந்தது. செல்வியின் அப்பா வந்து அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஊசி வுழுந்தா பொறுக்கலாம் போல கீதே" என்றார். மகளை வேலைக்கு அனுப்புகிறேன் என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. அந்த ஊசிதான் சம்மதம்.

மனிதர்கள் இப்படிப் பேசுவதைக் கேட்டுச் சேர்த்து வைப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. எட்டாவதோடு நின்றவள் நான். மீதியைப் பொட்டலம் கட்டிய காகிதத்திலும், பிறர் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலும், இந்த மாதிரி வாய்களிலும்தான் படித்தேன்.

பச்சை வட்டம்

சித்திரையில் போடுகிற சொர்ணவாரிப் பட்டம் வந்தது. விளக்கடியில் நைனாவின் நெல் ஒழுங்காகக் கதிர் விட்டது, அறுத்தார், முடிந்தது. அதனால் பின்னால் நடந்ததற்கு யாரும் விளக்கைச் சந்தேகப்படவில்லை.

அடுத்து சம்பா. அந்தப் பட்டத்துக்கு நைனா சீரகச் சம்பாதான் போடுவார். பொங்கல் அன்று அவர் வீட்டுப் பானையில் அந்த அரிசியின் வாசனை பாதைவரை வரும். கார்த்திகையில் வயல் முழுக்கக் கதிர் எட்டிப் பார்த்தது. பாதையோரம் மட்டும் பார்க்கவில்லை. அங்கே ஒரு பெரிய அரை வட்டம், கரும்பச்சையாக, இடுப்பு உயரத்துக்குக் கொழுகொழுவென்று வளர்ந்து, வெறும் இலையாக நின்றது.

நைனாவின் மனைவி சரஸ்வதி அம்மா வரப்பில் நின்று புலம்புவார். "ஆளு மட்டும் ஆனை மாதிரி வளந்துகீது. வாயத் தொறந்து ஒரு கதிரு பேசலையே!"

விதைக் கடைக்காரனோடு சண்டை நடந்தது. புதுவாயலில் உரக்கடைக்காரர் ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, "ஹார்மோன் டானிக்கு நைனா, அடிச்சிப் பாரு" என்றார். அடித்தார். பயிர் இன்னும் ஒரு சாண் உயர்ந்ததே தவிர, கதிர் வரவில்லை.

கடைசியில் கண் திருஷ்டி என்று முடிவாயிற்று. கோரைப்பல்லும் உருட்டு விழியுமாக ஒரு திருஷ்டி பொம்மை வாங்கி, ஊர்க் கண் எல்லாம் அதன் மேல் படட்டும் என்று, ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்துக் கட்டினார்.

எங்கே கட்டினார் என்று நினைக்கிறீர்கள்? அந்த விளக்குக் கம்பத்திலேதான்.

அந்தப் பச்சை வட்டத்துக்குள் ஓர் அதிசயமும் இருந்தது. பாதையோர வரப்பில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஒரு வடலி, அதாவது இளம்பனை, நிற்கிறது. அதற்கு அப்பால் ஒரு திட்டில் மட்டும் கதிர் வந்திருந்தது. சரஸ்வதி அம்மா வடலிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பெரியபாளையத்து அம்மனே இறங்கி வந்திருக்கிறாள் என்று கற்பூரம் காட்டிவிட்டார்.

பைக்குள் பழுத்த வாழை

பெரியபாளையம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆடி மாதம் செல்வி வீட்டாரோடு அங்கே கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு சீப்பு வாழைக்காய் வாங்கினேன். நன்றாகப் பழுத்த ஒரு பழமும் அதே பையில் இருந்தது. மூட்டை மாதிரி இறுக்கிக் கட்டி வைத்துவிட்டு இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தால், பை முழுக்க வாசனை. சீப்பு மொத்தமும் மஞ்சள்.

எப்படி என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. செல்வியின் தங்கை பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளுடைய தாவரவியல் புத்தகத்தை வாங்கி உட்கார்ந்தேன். பழுத்த பழம் எத்திலீன் என்று ஒரு வாயுவை விடுகிறதாம். அதுவும் ஒரு ஹார்மோன். பக்கத்துக் காய்க்கு அது போய்ச் சேர்ந்தால், காய் பழுக்கத் தொடங்குகிறது.

அதே புத்தகத்தில்தான் எங்கள் கம்பெனி கேண்டீன் ஜன்னலில் பாட்டிலில் வைத்திருக்கிற கொடி ஏன் எப்போதும் வெளியே எட்டிப் பார்க்கிறது என்பதும் இருந்தது. வெளிச்சம் படாத பக்கத்தில் ஒரு ஹார்மோன் அதிகம் சேர்ந்து, அந்தப் பக்கம் நீள, கொடி வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது. அன்றிலிருந்து எந்தச் செடியைப் பார்த்தாலும், உள்ளே ஏதோ பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். வெயில், மழை, காற்று, இருட்டு எல்லாவற்றுக்கும் அது உள்ளே ஒரு பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நமக்குத்தான் காது இல்லை.

"இன்னும் ராத்திரியே வரலைங்க"

மார்கழி பிறந்ததும் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் அம்மா வந்தார். நான் காலைச் சமையலை முடித்துவிட்டு வரப்பில் போய் நின்றேன். அவர் மண்ணைப் பார்த்தார், தண்டைப் பிளந்து பார்த்தார். பிறகு எழுந்து நின்று, பொம்மை தொங்குகிற கம்பத்தைப் பார்த்தார்.

"இந்த லைட்டு ராத்திரி பூரா எரியுமா?"

"எரியும் மேடம்" என்றார் நைனா. "சில நாளு பகல்லயும் எரியும். பஞ்சாயத்து லைட்டு ஆச்சே."

"அப்ப இந்தப் பயிருக்கு இன்னும் ராத்திரியே வரலைங்க."

நான் சேர்த்து வைத்திருக்கும் பேச்சுகளில் இதற்கு முதல் வரிசையில் இடம்.

அவர் விளக்கினார். "சீரகச் சம்பா ராத்திரியோட நீளத்தைப் பாத்துதான் கதிர் விடும். ஐப்பசிக்கு மேல ராத்திரி நீளுது இல்லைங்களா, அதை இலை கண்டுபிடிக்கும். கண்டுபிடிச்சதும் இலையில ஒரு ஹார்மோன் ஊறும். தண்டு வழியா கொழுந்துக்குப் போகும். இலை போட்டது போதும், கதிர் போடுன்னு சொல்லும். லைட்டு எரிஞ்சா ராத்திரி நீண்டதே இலைக்குத் தெரியாது. சேதி போகாது."

"சொர்ணவாரில போட்டது வந்திச்சே மேடம்?"

"அது குறுவயசு ரகம். ராத்திரியப் பாக்காது, தன் வயசப் பாக்கும்."

"அப்ப நான் அடிச்ச ஹார்மோன் டானிக்கு?"

"ஹார்மோன்ல பல தினுசு இருக்குங்க. நீங்க அடிச்சது உயரமாக்குற தினுசா இருக்கும்."

"அதான் பாத்தன்" என்றார் நைனா. "டப்பு குடுத்து இலைய வளத்துகீறன்."

எனக்கு இது சட்டென்று புரிந்தது. ட்யூப்லைட்டுக்குக் கீழே நிற்கிற எங்களுக்கு வெளியே பகலா இரவா என்று தெரியாது. சைரன் ஊதினால்தான் ஷிப்ட் முடிந்தது. ஊதாவிட்டால் கை பாட்டுக்கு வயரைக் கோத்துக்கொண்டே இருக்கும். நைனாவின் நெல்லும் சைரன் கேட்காமல் இலை போட்டுக்கொண்டே நின்றிருக்கிறது, பாவம்.

புரிந்த மறு நொடியே நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது.

"அவ்ளோதான். லைட்ட அவிங்க."

"நைனா..."

"இன்னா நைனா? நான் உன் கம்பெனில வந்து கரண்ட அவிச்சனா? உங்கம்மா நட்ட வயலு எஸ்தரு இது. நீ லைட்டு போட்டுக் கெடுத்துட்ட."

"எங்கம்மா நட்டுக் குடுத்திச்சி. நான் கெடுக்க வரல நைனா. லைட்ட அவிச்சா நாளைக்கே செல்வி ஊட்ல. அவ அப்பன் ரெண்டாவது தபா வுட மாட்டாரு."

"அதுக்கு நான் இன்னா பண்றது? இவ்ளோ நெல்லு போனா, வருஷக் கடைசில என் ஊட்டு அரிசிய கடையில வாங்கறதா?"

அவர் கேட்டதும் நியாயம். நான் கேட்டதும் நியாயம். அலுவலர் அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வயலைப் பார்த்தேன்.

வடலியின் விசிறி

கதிர் வந்திருந்த அந்தத் திட்டு என் கண்ணில் பட்டது. இத்தனை நாள் பாதையில் நடந்தபடி அதைத் திட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அன்று வரப்பில் ஏறி நின்று பார்த்தபோது அதற்கு ஓர் உருவம் இருந்தது. ஒரு காம்பு. காம்பின் முனையில் விரல் விரலாக விரிந்த விசிறி.

இந்த உருவத்தை எனக்குத் தெரியும். பஸ் விட்டு இறங்கி வருகிற ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் வடலியின் நிழல் வயலில் விழுகிற உருவம் அது.

"மேடம், அந்த வடலிக்கு அப்பால பாருங்க. லைட்டுக்கும் அந்த நெல்லுக்கும் நடுவுல வடலி நின்னுக்கினு கீது. நெழலு எங்க வுழுதோ அங்க மட்டும் கதிரு வந்துகீது."

சரஸ்வதி அம்மாவுக்குக் கோபம். "அது அம்மன்டி. நான் மஞ்சள் பூசிகீறன்."

"அம்மன்தாம்மா. அம்மன் நெழலும் அம்மன்தானே? அதைக் கொஞ்சம் பெருசு பண்ணுவோம்."

அலுவலர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். விசிறியின் ஓரம் வரைக்கும் போய், இந்தப் பக்கம் ஒரு தண்டு, அந்தப் பக்கம் ஒரு தண்டு பிடித்துப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகமும் சிரித்தது.

"சரியாப் பாத்திருக்கீங்க. அணைக்க வேணாம், வயல் பக்கம் மறைச்சாலே போதும். இப்பவும் காலம் போகலை. இருட்டு கிடைச்சா கதிர் வரும். தாமதமா வரும், ஆனா வரும்."

நைனா என் பக்கம் விரலை நீட்டினார்.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் நான் என் வயல்ல நடப்பன். என் நெழலு என் நெல்லு மேல வுழக்கூடாது. வுழுந்திச்சி, திங்கக்கிழம லைட்டு எறங்கிடும். பேஜாரு பண்ணக்கூடாது. இன்னா?"

"சரி நைனா."

அரை டிரம்

எங்கள் காலனிக்குள்ளேயே ஒரு முழுத் தொழிற்சாலை இருக்கிறது என்பதை நான் அந்த வாரம்தான் கண்ணால் பார்த்தேன். புதுவாயல் ஷெட்டில் வெல்டராக இருக்கும் ஏழுமலை, பழைய இரும்பு டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். வெட்டுகிறவர், வளைக்கிறவர், துளை போடுகிறவர், பெயிண்ட் அடிக்கிறவர் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்தார். கம்பெனியில் சூப்பர்வைசர் கூப்பிட்டால் வருகிற முகம் அல்ல அது. கல்யாண வீட்டுப் பந்தல் போட வருகிற முகம்.

பஞ்சாயத்துத் தலைவரிடம் கேட்டு, லைன்மேனை வைத்து, சனிக்கிழமை மாட்டினோம். இருட்டியதும் செல்வி வரப்பில் கைகளை விரித்துக்கொண்டு ஒத்திகை நடந்தாள். தூரத்தில் நிழல் இல்லை. நடுவில் இல்லை. வரப்பு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவள் காலடியில் குட்டையாக ஒரு நிழல் முளைத்து நெல்லின் மேல் விழுந்தது.

"அக்கா! இங்க கீது!"

ஏழுமலை தலையைச் சொறிந்தான். "தூரத்துக்குப் போற வெளிச்சத்த மறைச்சிட்டன். கிட்டக்க வுழறது டிரம்முக்குக் கீழால நுழைஞ்சிக்கினு வருது. இன்னும் ஒரு முழம் எறக்கணும்."

ஞாயிறு காலை நாஷ்டா கூடத் தின்னாமல் இன்னொரு துண்டை வெட்டி, கீழே பற்றவைத்தான். பகல் முழுக்கப் பெயிண்ட் காய்ந்தது.

நைனா வந்து சேர்ந்தார்

இப்போது மறுபடியும் வரப்புக்கு வருவோம். நைனா பாதி தூரம் கடந்துவிட்டார். கைகள் இன்னும் விரிந்தே இருக்கின்றன. வலப்பக்கம் பார்க்கிறார், இடப்பக்கம் பார்க்கிறார், ஓர் அடி வைக்கிறார்.

"வடலிகிட்ட வந்துட்டாரு" என்று செல்வி என் காதில் சொன்னாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. உடைந்து ஒட்டிய மணிக்கட்டு. அவளுக்குப் பின்னால் அவள் அப்பா, எதிலும் சம்பந்தம் இல்லாதவர் போல மதிலில் சாய்ந்துகொண்டு, கண்ணை மட்டும் வரப்பில் வைத்திருந்தார்.

முந்தின நாள் நிழல் முளைத்த இடத்துக்கு நைனா வந்தார். நின்றார். குனிந்தார். ஒரு காலைத் தூக்கி நெல்லுக்கு மேல் நீட்டிப் பார்த்தார்.

"அங்க இன்னா டான்ஸா நைனா?" என்றான் ஏழுமலை.

"சும்மா கெடடா."

இன்னும் ஓர் அடி. இன்னும் ஒன்று. வரப்பு முடிந்து, விளக்கைத் தாண்டிப் பாதையில் கால் வைத்தார். வைத்ததுதான், அவருக்கு முன்னால் கரேலென்று ஒரு நிழல் தரையில் விழுந்தது. மனிதர் திடுக்கிட்டு ஒரு துள்ளு துள்ளினார். பிறகு இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னாடா, நீ இங்க நின்னுக்கினு கீறியா? உன்ன எவ்ளோ நேரமாத் தேடறன்!"

பாதையே சிரித்தது. செல்வியின் அப்பா சிரிக்கவில்லை. மதிலைவிட்டு நகர்ந்து மகளிடம் வந்தார். "காலைல நான் காய் வாங்கப் போறன், நாளைக்கு உன் சாப்பாட்டு டப்பால இன்னா கட்டணும்?" என்றார். செல்விக்கு மறுநாள் இரண்டாம் ஷிப்ட்.

பொங்கலுக்குப் பிறகு

பொங்கலுக்கு நைனா மீதி வயல் அரிசியில் பொங்கல் வைத்தார். வாசனை பாதைவரை வந்தது. அது அடங்கிய பிறகு, தை கடைசியில், பச்சை வட்டம் வாய் திறந்தது. முதலில் தூரத்து ஓரம், பிறகு நடு, கடைசியாக வரப்பை ஒட்டிய நெல். நைனா தினம் வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எதிரே நான் வந்தால், "உன் ஷிப்டு முடிஞ்ச மாதிரி இதுக்கும் முடிஞ்சிடிச்சி எஸ்தரு" என்பார். அந்த ஷிப்ட், சைரன் பேச்சு நான் அவரிடம் எப்போதோ சொன்னது. இப்போது அது அவருடையதாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான்.

சுற்று வட்டாரத்தில் விளக்கும் வயலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஊர்களிலிருந்து இப்போது ஏழுமலையைத் தேடி வருகிறார்கள். அவன் டிரம்மைத் தட்டி, "எங்க ஊரு மாடல்" என்கிறான். கும்மிடிப்பூண்டியில் எத்தனையோ பொருள் செய்து எங்கெங்கோ அனுப்புகிறோம். எதிலும் எங்கள் ஊர்ப் பெயர் இருக்காது. இதில் இருக்கிறது.

அந்தக் கடைசி நெல்லை அறுத்த நாள் நான் வீட்டில் இருந்தேன். சாயங்காலம் நைனா ஒரு கைப்பிடிக் கதிரைக் கொத்தாகப் பின்னி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். வழக்கமாக அவர் வீட்டு வாசற்படிக்கு மேல் கட்டுவது. என்னிடம் ஏணி கேட்டு வாங்கிப் போனார். விளக்குக் கம்பத்தில் ஏறி, திருஷ்டி பொம்மையைக் கழற்றிக் கீழே போட்டார். கதிர்க்கொத்தைக் கட்டினார். இறங்கிப் போய்விட்டார்.

விளக்கு எரிகிற நேரத்துக்கு நான் போய் அண்ணாந்து பார்த்தேன். வெளிச்சம் முழுக்கப் பாதையில், எங்கள் பக்கம். கதிர்க்கொத்து டிரம்முக்குப் பின்னால், வயல் பக்கம், இருட்டில் தொங்கியது. மனிதர் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்.